சோத்துப் பார்சலும் குளிசைப் பெட்டியும்

நஸீர் ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்கிக்கொண்டிருந்தான். பிழை அவ்வளவுதான். ஈரலைக் கெடுக்க அது போதும்.

பார்மசி நடத்துவது என்றால் குளிசை விற்பது என்று நினைக்கிறார்கள். இல்லை. "பெட்டியின் பின்பக்கத்தை வாசியுங்கோ" என்று நாள் முழுக்கக் கத்துவது. கவுண்டருக்குப் பின்னால் நின்று தொண்டை வறண்டவர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தடிமன் மட்டும்

நஸீருக்கு மீன்பிடி வள்ளத்தில் எஞ்சின் வேலை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தான். உடம்பு சுட்டது. தடிமன் குளிசைப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தேன். "தம்பி, வேறு மருந்து ஏதும் போடுறீரோ?" என்றேன். பெட்டியைச் சட்டைப் பைக்குள் தள்ளியபடி சொன்னான்:

"எனக்கென்ன வருத்தமா ஐயா, மருந்து போட? தடிமன் மட்டும்தான்."

வெட்டின துண்டு

இரண்டு நாள் கழித்து அவன் மனைவி றஹீமா வந்தாள். ஒரு கையில் அவனுக்குக் கட்டின சோத்துப் பார்சல். மற்றக் கையில் குளிசைக் கார்டிலிருந்து வெட்டிய துண்டு. வெறும் துண்டு. பெயர் இல்லை, திகதி இல்லை. துறைமுகப் பக்கத் தேத்தண்ணிக் கடையில் நாலு நாலாக வெட்டி விற்பார்கள். பெயர் மற்றப் பாதியோடு போய்விடும்.

"காய்ச்சலுக்கு இதையும் சேத்துத்தான் போடுறார். பின்னேரம் கடலுக்குப் போறார், இன்னும் வேணுமாம்" என்றாள்.

பெயர் தெரியாததைத் தரமாட்டேன் என்றேன். கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

"பெயரில்லாததை என்ட மனிசன் விழுங்கலாம், நீங்க விக்க ஏலாதோ?"

சொன்னதும் அவள் முகம் மாறியது. விறுவிறென்று வெளியே போனாள்.

மற்றப் பாதி

திரும்பி வந்தபோது மிச்சக் கார்டு அவள் கையில். தேத்தண்ணிக் கடைக்காரரிடம் பிடுங்கி வந்திருக்கிறாள். துண்டை அதோடு வைத்துப் பார்த்தாள். வெட்டு விளிம்பு சரியாகப் பொருந்தியது. பெயர்: பரசிற்றமோல். தடிமன் பெட்டி ஒன்றின் பின்பக்கத்தைக் காட்டினேன். பொடி எழுத்தில் அதே பரசிற்றமோல்.

போன் எடுத்து நஸீரைப் பிடித்து, இரண்டும் ஒரே மருந்து என்றேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினான்:

"பரசிற்றமோல் மருந்தா ஐயா? அது பிளேன்ரீ குடிக்கிற மாதிரி! வையுங்க, வள்ளம் வெளிக்கிடுது!"

இறங்குதுறை

றஹீமா பெட்டியையும் கார்டையும் அள்ளிக்கொண்டு ஓடினாள். கடையை விட்டுவிட்டு நானும் போனேன். வள்ளம் இன்னும் கட்டு அவிழவில்லை. சோத்துப் பார்சலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கரையில் நின்றாள்.

"எஞ்சினுக்கு ஒயில் ஊத்தக்குள்ள கேன்ல இருக்கிற பொடி எழுத்துப் பாப்பீங்களா, இல்லையா?"

"பாக்காம? எஞ்சின் போயிடுமே!"

"அப்ப இந்த ரெண்டையும் வாசிங்க. வாசிச்சாத்தான் சோறு."

கார்டை வாசித்தான், சத்தமாக. பெட்டியை வாசித்தான். பாதியில் குரல் இறங்கிவிட்டது. வள்ளத்தை விட்டு இறங்கினான். நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரத்தம் பார்த்தார்கள். ஈரல் தப்பியது. அதற்கு முன், இறங்குதுறையில் நாங்கள் ஓட்டோவில் ஏறும்போது வள்ளத்திலிருந்து ஒருவன் கூப்பிட்டான்:

"மதினி, அந்தச் சோத்தை இங்கால தாங்க, நாங்களும் வாசிக்கிறம்!"

திருப்பிப் பார்த்தவன்

போன கிழமை நஸீர் இருமல் பாணி கேட்டு வந்தான். போத்தலைக் கொடுத்தேன். முன்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. திருப்பினான், கண்ணுக்குக் கிட்டப் பிடித்தான்.

"பெயரை விடுங்க ஐயா, உள்ளுக்கு என்ன கிடக்கு?"

இவ்வளவு காலம் நான் தொண்டை கிழியக் கத்தியும் யாரும் திருப்பாத பெட்டியை, ஒரு சோத்துப் பார்சலைக் காட்டித் திருப்ப வைத்தவள் றஹீமா.