பேராசிரியர் கொடுத்த மூன்று நேரங்கள்

காலை ஆறரை மணிக்கு முகம்மது கௌஸ் கடையில் தேத்தண்ணியை ஆறவிட்டுக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பார் பத்துமலை. பார்ப்பது பந்தாட்டம் இல்லை, அரசியலும் இல்லை. முனைவர் பட்ட ஆய்வுக்கு நிதியோடு இடம் தரும் அறிவிப்புகள். "இது ஜெர்மனி, பேட்டரி ஆராய்ச்சி. நமக்கு ஆவாது. இது நோர்வே, வயசு முப்பத்தஞ்சுக்குள்ள. இதுவும் சரிவராது லா, அண்ணே." அந்த 'நமக்கு'வில் எதிரில் உட்கார்ந்திருக்கும் நானும் சேர்த்தி. நான் பள்ளிப் படிப்பையே ஐந்தாம் படிவத்தோடு நிறுத்தியவன்.

பத்துமலைக்கு வயது நாற்பத்தொன்று. சிம்பாங் பூலாயில் ஒரு சுண்ணாம்புக்கல் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. அரைத்த கல்மாவின் வெண்மையையும் நைசையும் அளந்து சீட்டு எழுதுவார். வீடு திரும்பும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். வார இறுதிகளில் படித்தே பொறியியலில் முதுகலை வாங்கினார். ஆலை வீணென்று கொட்டும் கல்தூளைச் சிமெண்டில் எவ்வளவு கலக்கலாம் என்பது அவருடைய ஆய்வு. அதைப் பற்றிக் கேட்டுவிட்டால் போச்சு, தட்டில் இருக்கும் ரொட்டி சானாய் ஆறிப்போகும். இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். சம்பளத்தை விட்டுவிட்டு மேலே படிக்க வழியில்லை, நிதியோடு வரும் இடம் கிடைத்தால்தான் உண்டு.

அவர் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். துரை பங்களாவுக்குப் போனால் கூப்பிடும்வரை படிக்குக் கீழே நிற்க வேண்டும், பெரியவர்களுக்கு நாம் நேரம் குறிக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். தோட்டம் வீட்டுமனையாகி இருபது வருடமாகிறது. வழக்கம் மட்டும் பத்துமலையிடம் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரியில் சுவீடனிலிருந்து ஒரு பேராசிரியர் பதில் எழுதினார். நான்கு வருட ஆய்வு, மாதச் சம்பளத்தோடு. கல்தூள் வேலை பிடித்திருக்கிறது, காணொளியில் பேசலாம் என்று மூன்று நாள், மூன்று நேரம் கொடுத்து, ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். நம்மாள் என்ன எழுதினார் தெரியுமா? 'உங்களுக்கு எது வசதியோ அதுவே எனக்கும் வசதி, ஐயா.'

அதற்குப் பதில் வரவில்லை. "ஏங்க, புதன் மூணு மணின்னு ஒரு வரி எழுதிப் போடுங்களேன்" என்று மனைவி புஷ்பலதா கெஞ்சிப் பார்த்தார்.

"எவ்ளோ பெரிய மனுசன் அவரு. நான் போயி மூணு மணிக்கு வாங்கன்னு சொல்றதா? கூப்பிடுவாரு லா."

மூன்று நாளும் விடுப்பு எடுத்துக் கணினி முன் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. புஷ்பலதாவின் முகத்தைப் பார்த்தால் அதைவிட வேதனையாக இருந்தது.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அவர் வீட்டில் இருந்தபோதுதான் பேராசிரியரின் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. நீங்கள் நேரம் எதையும் சொல்லாததால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டோம், இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று எழுதியிருந்தது. புஷ்பலதா அடுப்பங்கரைக்குள் போனவர் திரும்பி வரவே இல்லை.

"பரவால்ல, அண்ணே" என்றார் பத்துமலை. "அவரு நேரத்தத்தான் வீணாக்கிட்டேன். மன்னிப்பு கேட்டு எழுதிடுறேன்."

பனியனோடு கணினி முன் உட்கார்ந்து இரண்டே வரியைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். திருத்தி முடித்ததும் எழுந்தார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டி, கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, நின்றபடியே அந்தக் கடிதத்தை அனுப்பினார்.