தமிழ் படிக்கத் தெரியாத இரண்டு வாசகர்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் டெல்லி மோதி பாக் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். கணவருக்கு மத்திய அரசில் குமாஸ்தா வேலை. எனக்குக் கவிதைப் போட்டிப் பைத்தியம். தபாலில் வரும் தமிழ் இலக்கியப் பத்திரிகைகளில் போட்டி அறிவிப்பு கண்ணில் பட்டால் போதும், பையனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எழுத உட்கார்ந்துவிடுவேன். ஒன்றும் தேறியதில்லை. பரிசு பெற்ற கவிதையைக் காட்டி, என்னுடையது இதைவிட மோசமா என்று கணவரிடம் சண்டைக்குப் போவேன். அவர் இரண்டையும் பொறுமையாகப் படித்துவிட்டு, கொஞ்சம் மோசந்தான் என்பார்.

ஒரு வருடம், அந்தப் பத்திரிகைகளில் ஒன்று கவிதையோடு அனுபவக் கட்டுரைக்கும் போட்டி வைத்தது. கற்பனை கூடாது, நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எனக்கு உடனே மாடி வீட்டு தீதி நினைவுக்கு வந்தார்.

தீதி என்றால் ஹிந்தியில் அக்கா. பஞ்சாபிப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நாங்கள் டெல்லிக்கு வந்த புதிதில், கணவர் ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்த ஒரு மத்தியானம், இரண்டு வயதுப் பையனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. எனக்கு ஹிந்தியில் பத்து வார்த்தை தெரியாது. நான் போட்ட கூச்சலில் தீதி செருப்புகூட இல்லாமல் இறங்கி வந்தார். பையனை அள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, போய்க்கொண்டிருந்த பால் வண்டியை மறித்து எங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

டாக்டர் உள்ளே பையனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வராந்தா பெஞ்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு தீதி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். ஆனால் அவர் என் பக்கம் பார்க்கவில்லை. 'பச்சி, பச்சி' என்றார். 'தேர் கர் தீ' என்று மறுபடி மறுபடி சொன்னார். இந்த ஊரில் ஏது தேர் என்று அந்தக் கலவரத்திலும் எனக்குத் தோன்றியது. அதனாலேயே அந்த வார்த்தை மறக்கவில்லை. பையன் பிழைத்துக்கொண்டான்.

ஹிந்தி ஓரளவு பழகிய பிறகு ஒரு நாள், காய்கறிக்காரர் 'ஆஜ் தேர் ஹோ கயீ' என்றார். இன்றைக்கு நேரமாகிவிட்டதாம். வெண்டைக்காயும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். தேர் என்றால் தாமதம். பச்சி என்றால் பெண் குழந்தை. தீதி அன்று எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. தாமதத்தால் தான் பறிகொடுத்த மகளைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அவர் வீட்டில் இரண்டு பையன்கள்தான். பெண்ணைப் பற்றி ஒரு பேச்சோ போட்டோவோ கிடையாது. நானும் கேட்டதில்லை.

கட்டுரையில் இதையும் எழுதினேன். கவிதையில் எனக்கு வராதது எல்லாம் அதில் வந்திருந்தது. கணவர் படித்துவிட்டுத் தாள்களை மடித்து என்னிடம் நீட்டினார். பிறகு, "அந்தம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். பேர் போடவில்லையே என்றேன்.

"பேர் போடாட்டியும் அது அவங்க கதைதானே."

எனக்குக் கோபம் வந்தது. கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கேட்டால் தீதி வேண்டாம் என்றுவிடுவார்; அந்தப் பகுதி போனால் கட்டுரையில் ஒன்றுமில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. மறுநாள் தாள்களை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

தீதி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். வரி வரியாக ஹிந்தியில் சொல்லிக்கொண்டே போனேன். பால் வண்டி வந்த இடத்தில் சிரித்தார். பெஞ்ச் வந்ததும் உரித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"உனக்கு அப்போ ஹிந்தி தெரியாதே" என்றார். "தெரியாதுன்னுதான் உங்கிட்ட சொன்னேன்."

வேறு யாரிடமும் அவர் சொன்னதில்லை. பையன்களுக்கே தெரியாதாம். மகளுக்குக் காய்ச்சல் ஏறிய அன்று, கணவர் டியூட்டி முடிந்து வரட்டும் என்று காத்திருந்ததில் நேரம் கடந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரும் கணவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அந்தப் பகுதியை எடுத்துவிடுகிறேன் என்று எழுந்தேன். மனசாரத்தான் சொன்னேன். தீதி கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எழுது. ஆனா வெறும் குழந்தைன்னு எழுதாத. அவளுக்குப் பேர் இருக்கு."

பெயரைச் சொன்னார். அங்கேயே, அவர் முன்னால், குழந்தை என்றிருந்த இடங்களை அடித்துவிட்டு அந்தப் பெயரை எழுதினேன். இங்கே மறுபடி எழுத அவரிடம் கேட்கவில்லை என்பதால் சொல்லாமல் விடுகிறேன்.

கட்டுரைக்குப் பரிசு கிடைக்கவில்லை. கவிதை வழக்கம்போல. ஆனால் சில மாதம் கழித்துக் கட்டுரை அச்சில் வந்தது. இதழை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். மகள் பெயர் எங்கே என்று தீதி கேட்டு, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார். இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்றார். எனக்கு வந்தது அந்த ஒரு பிரதிதான். கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் இருக்கும். மாடிப்படியில் தீதியின் கணவர் எதிரே வந்தார். என்னைப் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். அன்று ஒதுங்கி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவ பேரு எந்தப் பக்கத்துல இருக்கு பெஹன்ஜி? நாங்க ரெண்டு பேரும் தேடிப் பாத்தோம். எல்லா எழுத்தும் ஒரே மாதிரி இருக்கு."

அவரோடு மேலே போய், பெயர் வரும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு எத்தனையோ போட்டிகளுக்கு எழுதினேன், ஒன்றிரண்டில் பரிசும் வந்தது. ஆனாலும் பேனாவை எடுக்கும்போது இன்றும் எனக்கு நினைவு வருவது, ஓர் எழுத்துகூடத் தெரியாத பத்திரிகையில் தங்கள் மகளைப் பக்கம் பக்கமாகத் தேடிய அந்த இருவரும்தான்.