ஷைனாவின் கார் குடித்த பெட்ரோல்

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் சமிதி ஒன்று எல்லையோர ஊரான காரோட்டில் இருக்கிறது. நர்ஸ் சிஜி மருந்துப் பெட்டியோடு முன்சீட்டில் ஏறுவாள். ஷைனா வண்டியை எடுப்பாள். திருப்புறத்தில் தொடங்கி, காரோட்டின் குறுகலான இடவழிகளில் நுழைந்து, பொழியூர்க் கடற்கரையில் முடியும் சுற்று அது.

வண்டி ஷைனாவுடையது. பெட்ரோல் சமிதியுடையது. அதற்காக அவளிடம் ஓர் அட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். பெட்ரோல் பங்கில் அட்டையைத் தேய்த்து, ரகசிய எண்ணைப் போட்டு, வண்டி அதுவரை ஓடிய கிலோமீட்டரையும் சொல்ல வேண்டும். உடனே சமிதித் தலைவர் ராஜையா சாரின் போனுக்குச் செய்தி போய்விடும்: எந்தப் பங்க், எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு தூரம். ராஜையா சார் மின்வாரியத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். மீட்டர் வாசிப்புகளில் கள்ளத்தைத் தேடிப் பழகியவர். அட்டையைப் பெட்ரோலுக்கு மட்டும் என்று பூட்டி வைத்ததும் அவர்தான். ஆயிலும் மற்றதும் வண்டிக்காரியின் பாடு.

எங்கள் பக்கத்து வண்டிகள் பெரும்பாலும் மாநில எல்லை தாண்டிக் களியக்காவிளையில்தான் பெட்ரோல் அடிக்கும். அங்கே விலை குறைவு. போனதுதான் போனோம் என்று டாங்கை வாய்வரை நிரப்பிக்கொண்டு திரும்புவார்கள். ஷைனாவும் அப்படித்தான். ஆகவே ஒரு டாங்க் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது ராஜையா சாருக்கு மனப்பாடம்.

மழைக்காலம் தொடங்கியபின் அந்தத் தூரம் குறையத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை, தன்னார்வலர்கள் கூடும் நேரத்தில், அவர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். நான் அந்த அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். அப்போது அங்கேதான் இருந்தேன்.

"பிள்ளே ஷைனா, வழியும் அதே வழி, நோயாளியும் அதே நோயாளி. டாங்க் மட்டும் வேகம் தீருது. பெட்ரோலு காரு குடிக்கா, வள்ளம் குடிக்கா?"

ஷைனாவின் தம்பி ஜெஃப்ரினுக்குப் பொழியூரில் அவுட்போர்டு எஞ்சின் வைத்த மீன்பிடி வள்ளம் உண்டு. அது மண்ணெண்ணெயில் ஓடினாலும் கிளப்புவதற்குப் பெட்ரோல் வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். அதனால் எல்லாரும் சிரித்தார்கள்.

"மீனு இப்ப ஏசி காருலயாக்கும் கரைக்கு வாறது," என்றான் வினீத். அவனிடமும் ஒரு வாடகைக் கார் இருந்தது. சமிதியின் ஓட்டத்தின்மேல் அவனுக்கு ஒரு கண்.

ஷைனா சிரிக்கவில்லை, சண்டைக்கும் போகவில்லை. "சாரே, எனக்குக் கொஞ்சம் டைம் தாங்க. எது குடிக்குண்ணு நான் கண்டுபிடிச்சுச் சொல்லியேன்."

"கண்டுபிடிக்காட்டா?"

"அட்டைய இந்த மேசையில வச்சிட்டுப் போறேன்."

அந்த அட்டை அவளுக்கு என்ன என்பது பொழியூர்க்காரர்களுக்குத் தெரியும். கடல் அவள் வீட்டு முற்றத்தையும் அங்கே நின்ற தென்னைகளையும் எடுத்துக்கொண்ட வருஷம்தான் அவள் டிரைவிங் பள்ளியில் சேர்ந்தாள். கணவன் கிரகோரி தேங்காய்ப்பட்டணத்தில் விசைப்படகு ஒன்றில் எஞ்சின்காரன். கடலுக்குப் போனால் பல நாள் கழித்துத்தான் கரை. "வீட்டுல ஒராளாவது கரையில சம்பாதிக்கணும்," என்று சொல்லி ஒரு பழைய காரை வாங்கினாள். வாடகைக் காரின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பெண்ணை அந்தக் கடற்கரை அதற்குமுன் பார்த்ததில்லை. முதல் மாதங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட வண்டிக்குப் பின்னால் கூவிக்கொண்டு ஓடினார்கள். இப்போது பல வீடுகளில் சாவி எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். மகன் வேலைக்குப் போயிருப்பான், மருமகள் சந்தைக்குப் போயிருப்பாள், படுக்கையில் கிடப்பவரால் எழுந்து கதவைத் திறக்க முடியாது. ஷைனாதான் சாவியை எடுத்துத் திறந்து சிஜியை உள்ளே விடுவாள். கள்ளி என்று பேர் விழுந்தவள் அந்தச் சாவிகளைத் தொட முடியுமா?

திங்கட்கிழமை களியக்காவிளையில் டாங்கை நிரப்பியதும் அவள் சிஜியிடம் கை நீட்டினாள். "உனக்க பிளாஸ்திரிய எடு."

"ஆருக்குக் காயம்?"

"எடுடீ."

பெட்ரோல் மூடியின்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் சிஜியைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். யார் மூடியைத் திறந்தாலும் கிழியும். அந்த வாரம் முழுவதும் வண்டி அப்படியே ஓடியது. திருப்புறத்தில் இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் சரோஜம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "எடீ மக்கா, வண்டிக்கு ஆப்பரேஷன் கழிஞ்சா?" என்று கேட்டார்.

"இல்ல சித்தி, வயித்துப்போக்கு. டாக்டரு மூடிவைக்கச் சொன்னாவ," என்றாள் ஷைனா.

டாங்க் காலியானபோது பிளாஸ்திரி அழுக்குப் படிந்து அப்படியே இருந்தது. ஆனால் ஓடிய தூரம் முந்தைய முறையைப் போலவே குறைவு. சிஜிக்கு நிம்மதி. "செரி, நீ எடுக்கல்லண்ணு தெளிஞ்சாச்சே."

"எடுக்கல்லண்ணு எனக்கு முன்னமே தெரியும்," என்றாள் ஷைனா. "காருதான் குடிக்குது. ஏன் குடிக்குண்ணு தெரியாம நான் கமிட்டி முன்னால போய் நிக்கமாட்டேன்."

டயர்களில் காற்றைச் சரிபார்த்தாள். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினாள். காலையில் வண்டி கிளம்பும்போது கொஞ்சநாளாகவே ஒரு முனகல் இருந்ததை நினைத்து, பேட்டரியைக் கடையில் காட்டினாள். அது நன்றாக இருந்தது. கடைசியில் பாறசாலையில் பரமசிவனின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டு நிறுத்தினாள். அவர் எஞ்சின் ஆயில் அளக்கும் கம்பியை உருவி, துடைத்து, மறுபடியும் விட்டு எடுத்தார். ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நின்றது. நுனியைத் தொட்டு விரல்களுக்கிடையே தேய்த்தார்.

"இது ஏது ஆயிலு?"

ஷைனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மழைக்கு முன்னால் ஆயில் மாற்ற வேண்டிய நேரம் வந்தபோது, கிரகோரி படகில் மிச்சமிருந்த கேனைக் கொண்டுவந்து, வீட்டு வாசலில் வைத்துத் தானே மாற்றிக் கொடுத்தான். படகு எஞ்சினையே கட்டி மேய்ப்பவனிடம் கார் எஞ்சினைக் கொடுக்க அவள் யோசிக்கவில்லை.

"டீசல் போட்டுக்கு இது நல்ல ஆயிலுதான்," என்றார் பரமசிவன். "இந்தச் சின்ன பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியது கஞ்சித்தண்ணி. நீங்க கூழ ஊத்தியிருக்கீங்க. அதுவும் வயிறு முட்ட."

வண்டியோடு வந்த கையேடு டாஷ்போர்டுப் பெட்டியில் பிளாஸ்டிக் உறை கிழிபடாமல் கிடந்தது. பழைய சொந்தக்காரனும் அதைப் பிரித்ததில்லை. ஷைனா உறையைக் கிழித்து, ஆயில் பக்கத்தைத் தேடி எடுத்தாள். அதில் போட்டிருந்த தரம் பூஜ்யத்தில் தொடங்கியது. வீட்டிலிருக்கும் கேனில் பதினைந்து என்று பார்த்த ஞாபகம். முதலில் வரும் அந்த எண் சிறிதாக இருந்தால், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதும் ஆயில் வேகமாக ஓடிப் பரவும். பெரிதாக இருந்தால் மெதுவாக ஊரும் என்றார் பரமசிவன். ஒரே ஓட்டமாகப் போகிற வண்டியில் இவ்வளவு தெரியாது. வீட்டுக்கு வீடு நின்று, எஞ்சின் ஆறி, மறுபடி கிளம்பும் வண்டியில் ஒவ்வொரு தடவையும் எஞ்சின் கூழைத் தள்ள வேண்டும். அதற்குப் பெட்ரோல் செலவாகும்.

"இதேதான் காரணம்ணு சத்தியம் பண்ணமாட்டேன். மாத்தி ஓட்டிப் பாருங்க."

"இப்ப மாத்தண்டாம்," என்றாள் ஷைனா. "மாத்தும்போ ஒராளு பாக்கணும்."

கரைக்கு வந்த கிரகோரி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "எடீ, கட்டி ஆயிலாக்கும் எஞ்சினுக்குக் காவலு. உப்புக் காத்துல, முழு லோடுல ஓடுத எஞ்சினு எனக்கது. அதுக்கு ஆவும்னா உனக்க பொம்மைக் காருக்கு ஆவாதா?"

"உங்க எஞ்சினு கிளம்பினா ராவும் பகலும் நிக்காது. எனக்கது படுத்துக் கிடக்குற ப்ளோரன்ஸுக்க வீட்டுல நிக்கும், சரோஜம் சித்திக்க வீட்டுல நிக்கும், ரோட்டுல மாடு கிடந்தாலும் நிக்கும். இஞ்ச பாருங்க, புக்குல போட்டிருக்கு."

அவன் கையேட்டை வாங்கிப் பார்த்தான். கேனைத் திருப்பிப் பார்த்தான்.

"செரி, மாத்து. ஆனா கமிட்டியில போட்டுக்க ஆயிலுண்ணு வாயத் திறக்காத. வள்ளமாண்ணு கேட்டவனுக்கு நீயே ஒரு போட்டக் கொண்டு குடுக்கியா? பெட்ரோலும் அப்படித்தான் போச்சுண்ணு சொல்லுவாவ."

"பின்ன என்ன சொல்லணும்?"

"பிளக்கு போச்சுண்ணு சொல்லு. ஆரு திறந்து பாக்கப் போறா?"

"போட்டுல இருந்து ஆயிலு காருக்கு வந்துது. காருல இருந்து பெட்ரோலு வள்ளத்துக்குப் போவல்ல. ரெண்டும் ரெண்டு. நான் ஒண்ணுல பொய் சொன்னா, மத்ததையும் ஆரு நம்புவா?"

கிரகோரி கேனை அவள் பக்கம் தள்ளினான். "கொண்டு போ. எனக்க பேரையும் சேத்துச் சொல்லு."

அடுத்த சனிக்கிழமை அவள் மேசையில் அந்தக் கேனையும் கையேட்டையும் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். சிஜி பிளாஸ்திரியைப் பற்றிச் சொன்னாள். வினீத் சும்மா இருப்பானா? "அப்பம் காருக்கும் போட்டுக்கும் கல்யாணம் கழிஞ்சு. நம்மள விளிக்கல்ல!"

ராஜையா சார் சிரிப்பை அடக்கிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நோயாளிக்கு ஓடுற வண்டியில மீன்பிடிக்கிற போட்டுக்க ஆயிலா? இது உனக்க குற்றம்தானே பிள்ளே?"

"ஆமா சாரே. ஏது ஆயிலுண்ணு பாக்காம ஊத்த விட்டது எனக்க குற்றம். அதுக்கு என்ன வேணும்னாலும் பறயுங்க. கள்ளிண்ணு பறயண்டாம்."

"ஆயில மாத்தினா சரியாவும்ணு என்ன உறப்பு, என்ன நிச்சயம்?"

"உறப்பு ஒண்ணும் இல்ல. நாளைக்கழிச்சு பரமசிவனண்ணனுக்க ஒர்க்‌ஷாப்புக்கு வாங்க. உங்க முன்னால மாத்துவேன். அட்டை உங்க கையில இருக்கட்டு. டாங்க் தீருறது வரைக்கும் எனக்க வண்டியில இருங்க. அப்பமும் குடிச்சா, நான் இந்த வேலைய விட்டு இறங்கியேன்."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் மறுக்கவும் வழியில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை குடையும் தண்ணீர்க் குப்பியுமாக வந்தார். பழைய ஆயில் கறுப்பாக இறங்குவதைக் குனிந்து பார்த்தார். கையேட்டில் இருந்த எண்ணும் புது டப்பாவில் இருந்த எண்ணும் ஒன்றா என்று இரண்டு தடவை பார்த்தார். அளவுக் கோட்டில் ஆயில் நிற்பதைத் தன் கண்ணாலேயே கண்டபிறகுதான் பின்சீட்டில் ஏறினார். களியக்காவிளையில் டாங்கை வாய்வரை நிரப்பிவிட்டுச் சுற்றைத் தொடங்கினார்கள்.

முதல் நாள் அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. மீட்டரையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷைனா ஒவ்வொரு வீட்டிலும் எஞ்சினை நிறுத்தினாள், சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள், திரும்பி வந்து வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். இரண்டாம் நாள் பொழியூரில் ப்ளோரன்ஸைத் திருப்பிப் படுக்கவைக்க ஆள் போதாமல் சிஜி வாசலுக்கு வந்து, "சாரே, ஒரு கை பிடிக்கணும்," என்றாள். சமிதிக்குத் தலைவராக இருந்தும் அந்த வீட்டுக்குள் அவர் அதுவரை போனதில்லை. சட்டைக் கையை மடக்கிக்கொண்டு உள்ளே போனார். கடல் தின்ற சாலையைச் சுற்றிக்கொண்டு, இடவழியில் மதிலை உரசாமல் ஷைனா பின்பக்கமாகவே வண்டியை எடுத்தபோது கண்ணை மூடிக்கொண்டார். வாரக் கடைசியில், "இடப்பக்கம் திரும்பு, இடப்பக்கம்! சரோஜத்துக்க வீட்ட மறந்தியா?" என்று அவளுக்கே வழி சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

"மறக்கல்ல சாரே. அது நாளைக்கு," என்றாள் ஷைனா.

மறுபடி ஒரு சனிக்கிழமை. களியக்காவிளையில் ராஜையா சாரே அட்டையைத் தேய்த்தார். டாங்க் நிறைந்து குழாய் நின்றது. அவர் போனில் கணக்குப் போட்டார். அழித்துவிட்டு மறுபடி போட்டார். ஷைனா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழையபடி ஆயாச்சு," என்றார் கடைசியில். "மழைக்கு முன்னால உள்ள கணக்குதான். செரி, வண்டிய எடு. நான் வீட்டுல இறங்கியேன்."

"வீட்டுக்குப் பிறகு போவலாம் சாரே. இப்ப ஆபீசுல எல்லாரும் உண்டு."

"அதுக்கு?"

"உங்களுக்குத் தெளிஞ்சது அவியளுக்குத் தெளியண்டாமா?"

அவள் வண்டியை நேரே அலுவலக வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். தன்னார்வலர்கள் வாசலிலேயே நின்றிருந்தார்கள். ராஜையா சார் இறங்கி, வேட்டியைச் சரிசெய்து, கனைத்து, ஏதோ சொன்னார். முன்வரிசையில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சாரே," என்றாள் ஷைனா, எஞ்சினை அணைத்துவிட்டு. "பின்னால நிக்கிறவியளுக்குக் கேக்கல்ல."

ஒரு கணம் அவர் முகம் சிவந்தது. பிறகு போஸ்டு உச்சியில் இருக்கும் லைன்மேனிடம் கத்துவதுபோல் குரலை உயர்த்தினார். "வள்ளத்துக்குப் பெட்ரோலு போவல்ல! ஆயிலு தப்பா ஊத்தினது ஷைனாவுக்க வீட்டுக்காரன். அத நோக்காம விட்டது ஷைனா. விசாரிக்காமப் பேசினது நான். போருமா?"

"போரும்," என்றாள் ஷைனா.

அவர் அட்டையை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். வினீத் எதையோ சொல்லத் தொடங்கி, ராஜையா சார் திரும்பிப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

"சிஜி, பெட்டிய எடு," என்றாள் ஷைனா. "பொழியூர்ல ரெண்டு வீடு பாக்கி உண்டு."