பெயர்ப் பட்டியலைச் சோதித்தவள்

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா சொல்லும் முதல் வசனம், "அவள் உள்ளுக்க விளையாடிக்கொண்டிருக்கிறாள்" என்பதுதான். எனக்கு இருபத்தேழு வயது. காலை எட்டரைக்குக் கணினிக்கு முன்னால் இருந்தால் மாலை ஐந்தரை வரை எழும்ப முடியாது. இதற்குப் பெயர் விளையாட்டாம்.

என் வேலை வீடியோ கேம்களில் பிழை பிடிப்பது. ஒரு விளையாட்டு விற்பனைக்கு வருமுன் அதை எப்படியெல்லாம் உடைக்கலாம் என்று பார்க்க ஆள் வேண்டும். ஒரு சுவரைக் கண்டால், எங்காவது ஊடே விழுந்துவிட முடிகிறதா என்று அதன் நீளம் முழுக்க உரசிக்கொண்டு நடக்க வேண்டும். பிறகு குதித்துக் குதித்து நடக்க வேண்டும். பிறகு பின்பக்கமாக. ஒரே மதிலில் மூன்று நாள் முட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இதை விளையாட்டு என்பவர்களை ஒரு நாளைக்கு என் கதிரையில் இருத்திப் பார்க்க ஆசை.

வெளிநாட்டு நிறுவனம் ஒன்று விளையாட்டைச் செய்கிறது. கொழும்பில் ஒரு அலுவலகம் அதைச் சோதித்துக் கொடுக்கிறது. அந்த அலுவலகத்துக்காக, திருகோணமலைத் துறைமுகம் தெரியும் எங்கள் மேல்மாடி அறையில், சொந்தக் கணினியில் வேலை செய்யும் தற்காலிக ஆள் நான். மூன்று மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம். இரண்டரை வருடத்தில் பத்துத் தடவை கையெழுத்து வைத்தேன். பத்தாவது தடவையும் 'புதிதாகச் சேர்பவர்' என்ற படிவத்தைத்தான் நிரப்பச் சொன்னார்கள்.

எந்த விளையாட்டில் வேலை செய்கிறேன் என்று வெளியில் வாய் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனை. ஆகவே என் உழைப்புக்குச் சாட்சி ஒன்றே ஒன்றுதான்: விளையாட்டின் முடிவில் திரையில் ஓடும் பெயர்ப் பட்டியல். நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்தால் அதைத்தான் தேடுவார்கள். இரண்டு இடங்களில் நேர்முகம் வரை போனேன். "உங்கட பேர் ஒண்டிலயும் இல்லையே" என்று அனுப்பிவிட்டார்கள். அதனால் இந்த விளையாட்டின் பட்டியலிலாவது என் பெயர் வந்தாக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

எங்கள் குழுத் தலைவரிடம் கேட்டும் வைத்திருந்தேன். அவர் கொழும்பில் இருக்கும் நிரந்தர ஊழியர். "கட்டாயம் போடுவம் தங்கச்சி. நீங்கள் எங்கட ஆள்தானே" என்றார். நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இந்த விளையாட்டில் ஒரு துறைமுகம் வரும். அதில் நாற்பது வள்ளங்கள் நங்கூரம் போட்டு நிற்கும். கொடிகளெல்லாம் காற்றில் ஒரே பக்கமாகப் பறக்க, வள்ளங்கள் மட்டும் சந்தைச் சனம் மாதிரி ஆளுக்கொரு திசை பார்த்து நின்றன. எனக்குச் சிரிப்பு வந்தது. நங்கூரம் போட்ட வள்ளம் காற்றுக்குத்தான் முகம் காட்டும். வாடைக் காற்றில் எல்லாம் ஒரு பக்கம், கச்சான் காற்றில் எல்லாம் மறுபக்கம். எங்கள் தெருவில் இது யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கிற விஷயமே இல்லை. ஜன்னலால் ஒரு படம் எடுத்து, பிழை அறிக்கையோடு சேர்த்து அனுப்பினேன்.

வெளிநாட்டுக்காரர்களோடு நடக்கும் வாராந்தக் கூட்டத்தில் தற்காலிக ஆட்களுக்கு இடமில்லை. முடிந்தபின் தலைவர்தான் அழைத்துச் சொன்னார்.

"அந்த வள்ள விஷயத்தை அவங்கள் நல்லாப் புகழ்ந்தவங்கள். எங்கட டீமுக்குப் பெரிய பெருமை."

"என்ர பேரைச் சொன்னீங்களோ?"

"டீம் எண்டா எல்லாரும்தானே தங்கச்சி."

இரண்டு மாதம் கழித்து நிரந்தர ஊழியர்களுக்கு ஜாக்கெட் வந்தது. முதுகில் அந்தத் துறைமுகப் படம். வள்ளங்களெல்லாம் ஒழுங்காக ஒரே பக்கம் பார்த்து நின்றன. கொழும்பு வெக்கைக்கு ஜாக்கெட் எதற்கு என்று என்னை நானே தேற்றிப் பார்த்தேன். தேறவில்லை. "உன்னைக் கறிவேப்பிலையாத்தான் வச்சிருக்கினம்" என்றார் அம்மா. அன்று மட்டும் அவரோடு சண்டை பிடிக்கவில்லை.

வெளியீட்டுக்கு முந்திய கடைசிக் கிழமை வந்த வேலைதான் உச்சம். பெயர்ப் பட்டியலைச் சோதிக்க வேண்டுமாம். எழுத்து மறைகிறதா, பெயர் பெயரோடு இடிபடுகிறதா என்று, பத்தொன்பது நிமிடம் ஓடும் பட்டியலை ஒவ்வொரு திரை அளவிலும் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விளையாட்டைச் செய்த காலத்தில் ஊழியர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயர்களையும் பட்டியலில் போடுவார்கள். நல்ல வழக்கம்தான். பதினாறு குழந்தைகள். பிறகு, மத்தியானச் சாப்பாடு கொடுத்த கடை. பிறகு வெளிநாட்டு அலுவலகத்தின் நாய், படத்தோடு. கொழும்பு அலுவலகத்தின் பெயருக்குக் கீழே நிரந்தர ஊழியர் ஐந்து பேர். அதில் ஒருவர் சேர்ந்து ஆறு கிழமைதான் ஆகிறது, அவருக்கு வேலை பழக்கியது நான். அவ்வளவுதான். திரை கறுத்துவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரத்தில் காது இரண்டும் கொதித்தன. திரும்பவும் ஓடவிட்டேன். தேத்தண்ணியோடு வந்த அம்மாவும் பின்னால் நின்று பார்த்தார்.

"இதார், படத்தோட?"

"நாய்."

"நாய்க்கு அங்க என்ன வேலை?"

"என்ன வேலையோ. ஆனா அது நிரந்தரம் அம்மா."

சின்னத் திரையில் அந்த நாயின் பெயரில் கடைசி எழுத்து வெட்டுப்பட்டது. கடமைக்கு அறிக்கை எழுதினேன். நாற்பது நிமிடத்தில் திருத்தி, நன்றி சொல்லிச் சிரிப்புப் படமும் போட்டிருந்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பியது. முறைப்படி இன்னொரு பிழை அறிக்கை எழுதினேன். செய்ய வேண்டியது: பட்டியலைக் கடைசி வரை பார்க்கவும். வர வேண்டியது: இரண்டரை வருடம் சோதித்தவரின் பெயர். வந்தது: ஒன்றுமில்லை. ஆதாரமாக நான் எழுதிய அத்தனை அறிக்கைகளின் இலக்கங்களையும் இணைத்தேன்.

உடனே தலைவர் அழைத்தார்.

"இதை ஏன் சிஸ்டத்தில போட்டனீங்கள்? வெளிநாட்டுக்காரர் எல்லாரும் பார்ப்பினம்."

"பார்க்கத்தான் போட்டனான்."

"தற்காலிக ஆக்களின்ர பேர் போட ஏலாது. அது பாலிசி."

"கட்டாயம் போடுவம் எண்டு சொன்னது ஆர்?"

"அதுக்குள்ள நீங்கள் நிரந்தரமாகிடுவீங்கள் எண்டு நினைச்சன்."

"ஆக்கிறது நீங்கள்தானே அண்ணா!"

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அறிக்கை திரும்பி வந்தது. 'பிழையல்ல. திட்டமிட்டபடியே இயங்குகிறது' என்று மூடியிருந்தார்கள். ஆனால் யாராவது மூடினால் மட்டும் ஒரு அறிக்கை முடிந்துவிடாது. அதை எழுதியவர் பார்த்து, மூடியது சரி என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் விளையாட்டை வெளியிட முடியாது; அழுத்தப்படாமல் கிடந்தது இது ஒன்றுதான். மத்தியானத்துக்குள் தலைவரிடமிருந்து மூன்று செய்திகள் வந்தன. மூன்றாவது, என் பதினோராவது ஒப்பந்தம் தயார், இது முடிந்ததும் அனுப்புவதாகச் சொன்னது.

அப்பா இல்லாத வீடு. தம்பி இன்னும் படிக்கிறான். அழுத்தினேன்.

'பிழையல்ல என உறுதிப்படுத்தியவர்' என்ற வரிக்கு நேரே என் முழுப் பெயர், அப்பாவின் பெயரோடு, ஒரு எழுத்தும் வெட்டுப்படாமல் வந்து நின்றது.