கவிதா வரைஞ்ச ஆட்டுக்குட்டி

கவிதா டீச்சர் போயிட்டா. காலையில நான் ஸ்கூலுக்குப் போற வழியில அவ வீட்டுக்காரர் போன் பண்ணினார்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில, டயாலிசிஸ் நடக்கும்போதே இதயம் நின்னுடுச்சாம். முப்பத்தாறு வயசு...

சித்தேரி மலையில எங்க ஸ்கூலுக்கு நாங்க ரெண்டே டீச்சர். ஒண்ணாவது, ரெண்டாவது அவளோடது. கிட்னி பழுதாகி அவ லீவுல போனதும் அந்தப் பிள்ளைங்களும் எங்கிட்ட வந்தாங்க.

புத்தகத்தை எடுத்தாலே தலையைக் குனிஞ்சுக்குவாங்க. அதைச் சொல்லி அவகிட்ட புலம்பினேன்.

மறுநாள் வாட்ஸ்அப்ல அவ வரைஞ்ச ஒரு காமிக்ஸ் பக்கம். மலை பஸ்ல டிக்கெட் எடுக்காம ஏறிட்ட ஒரு ஆட்டுக்குட்டி, கண்டக்டரோட சண்டை போடுது.

டயாலிசிஸ் நடக்கும்போதுதான் வரைவா, இடது கையில ஊசி. வயித்து மேல போனை வச்சு, வலது கை விரலால. வாரத்துக்கு மூணு நாள், நாலு நாலு மணி நேரம். சிக்னல் கிடைக்கிற வளைவுல வண்டியை நிறுத்தி டவுன்லோட் பண்ணிட்டுப் போய், கிளாஸ் டிவில போடுவேன்.

ஆட்டுக்குட்டி "நா வூட்டுக்குப் போவணும்"னு சொல்லும். "என்ன கவிதா, வூடுன்னு எழுதுற? ஆபீசர் பார்த்தா என்னைத்தானே கேப்பாங்க"ன்னு கொஞ்சம் கடுப்பாவே சொல்லிட்டேன்.

"மொதல்ல பிள்ளைங்க வாயைத் தொறக்கட்டும்க்கா. அடுத்த பக்கத்துல கண்டக்டர் வீடுன்னு சொல்லுவாரு."

சொன்ன மாதிரியே எழுதினா. நான்தான் ஒரு சாரி கூட சொல்லல...

ரெண்டாவது படிக்கிற பொன்னி ஒரு வருஷமா கிளாஸ்ல வாயே திறக்காதவ. ஒருநாள் எழுந்து டிவி கிட்ட போனா. ஆட்டுக்குட்டி சொல்றதை ஒவ்வொரு எழுத்தா தொட்டுத் தொட்டு, "நா... வர... மாட்டேன்... போ"ன்னு படிச்சா. மத்த பிள்ளைங்க சிரிச்சதும் இன்னும் சத்தமா படிச்சா.

வீடியோ எடுத்து, வீட்டுக்குப் போறப்ப அந்த வளைவுல நின்னு கவிதாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டா. மூக்கை உறிஞ்சுற சத்தம்தான் கேட்டுச்சு.

"அழுவுறியா?"

"இல்லக்கா... பக்கத்து பெட்காரங்க எல்லாம் இன்னொருக்கா போடச் சொல்றாங்க."

இன்னிக்கு கிளாஸ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்னுக்கிட்டேதான் சொன்னேன்.

பொன்னிதான் மொதல்ல கேட்டா, "டீச்சருக்கு ரொம்ப வலிச்சுதா?"

ஆமான்னுட்டேன். பொய் சொல்ல வரல.

ஊர்க்காரங்க ஜீப் பேசியிருக்காங்க. பிள்ளைங்களும் வர்றாங்களாம்.

மலை இறங்கிட்டிருக்கோம் கவிதா... உன்னைப் பார்க்கத்தான்.