குளோரினும் பிரேக் ஒயிலும்

பெயர் தெரியாத ஒரு சிங்கள மனிதருக்கு நான் பெரிதும் கடமைப்பட்டவன்.

யுத்த காலம். யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்தது. அங்கே சாமான் அனுப்பும், தலைநகரில் கொட்டாஞ்சேனையிலிருந்த ஒரு கந்தோரில் நான் கிளாக். சாமான் துறைமுகம் வரை லொறியில் போய், கப்பலேறி, அங்கே இறங்கி மறுபடி லொறி ஏறும். ஆபத்தான சாமானென்றால் பாதுகாப்புப் படிவம் நிரப்பிக் கையெழுத்து வைப்பது என் வேலை.

படிவத்தில் பத்துப் பன்னிரண்டு கேள்விகள், பக்கத்தில் என்ன ஏறுகிறது என்பது உட்பட. கந்தோரில் நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதை செக்பொயின்ற்றில மறிப்பாங்களோ?" மறிக்கமாட்டார்களென்றால் எல்லாவற்றுக்கும் சரி போட்டுவிடுவேன். அதில் பெரிய சூரன் என்ற நினைப்பு வேறு.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்கென்று இரண்டு லொறி. ஒன்றில் கிணறுகளுக்குப் போடும் குளோரின் பவுடர், மற்றதில் அம்புலன்ஸ்களுக்குப் பிரேக் ஒயில். இரண்டுக்கும் அனுமதி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்தேன்.

லொறிகளோடு நானும் துறைமுகத்துக்குப் போனேன். குளோரினைக் கப்பலில் ஏற்றி முடித்ததும், ஏற்றுவேலையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சிங்கள மனிதர் படிவங்களை வாங்கிப் பார்த்தார். வேலையை நிறுத்தச் சொன்னார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"பேமிட் எல்லாம் இருக்கு அய்யே. எங்கட சாமானெண்டா மட்டும் ஏன் மறிக்கிறீங்க?"

அவர் கோபிக்கவில்லை. கப்பலின் அடித்தட்டைக் காட்டினார். ஒரு குளோரின் பீப்பாவின் மூடி கழன்று, பவுடர் சிந்திக் கிடந்தது. பக்கத்து இடம் பிரேக் ஒயிலுக்கு ஒதுக்கியிருந்தது.

"மல்லி, லொறி ரெண்டு. கப்பல் ஒண்டு. இது ரெண்டும் சேந்தா தானா நெருப்புப் பத்தும். உள்ளுக்கு பதினாலு பேர் இருக்கு," என்றார் துறைமுகத் தமிழில். சிங்களத்தில் அய்யே என்றால் அண்ணன், மல்லி என்றால் தம்பி.

லொறி லொறியாகப் பார்த்தவன் கப்பலைப் பார்க்கவில்லை. பதினாலு உயிர்! கப்பல் எரிந்திருந்தால், ஒரு தமிழன் தெரியாமல் விட்ட பிழையென்று யார் நம்பியிருப்பார்கள்? எரியாவிட்டாலும் என்ன, கடற்படைக் காவலறை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அவர் அந்தப் படிவங்களை அங்கே கொடுத்தால் போதும், நான் எந்தத் தடுப்பு முகாமில் கிடப்பேனோ தெரியாது.

அவர் இரண்டு படிவங்களையும் கிழித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். புதுப் படிவங்கள் தந்தார்.

"ஒயில் அடுத்த கப்பல்ல போகட்டும். இப்ப சரியா எழுது மல்லி."

அங்கேயே எழுதினேன். எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். நான் மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் எனக்கு மகள் பிறந்தாள். நான் எந்த முகாமிலும் கிடக்கவில்லை; ஆஸ்பத்திரியில் அவளை முதலில் கையில் வாங்கியது நான்தான்.