அரிசி டிரம்மில் ஒரு மஞ்சள் ஆப்பிள்

மூடியைத் திறந்ததும் அரிசி வாசனையை முந்திக்கொண்டு தேன் வாசனை மூக்கில் ஏறும். டாக்குரியா குவார்ட்டர்ஸில், எனக்கு ஒன்பது வயதான அந்தப் பூஜை விடுமுறையில், ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கைவிட்டு, உள்ளே புதைந்திருந்த ஒற்றை ஆப்பிளைத் தடவிப் பார்க்காமல் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

அப்பாவுடன் வேலை பார்த்த நேகி மாமா, சிம்லா பக்கத்துத் தன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து ஆபீசில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தது அது. வெளிர்மஞ்சள் தோல், அதில் பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளிகள், காம்புக் குழியில் மட்டும் லேசான பச்சை. அமெரிக்காவில் ஏதோ ஒரு மலைப்பண்ணையில் யாரும் நடாமல் தானாக முளைத்த மரம்தான் இந்த "கோல்டன்" வகைக்கே மூலம் என்று அவர் பெருமையாகச் சொல்லியிருந்தாராம். அம்மாவுக்கு அந்தக் கதையெல்லாம் காதில் ஏறவில்லை. அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்த ஆப்பிளெல்லாம் சிவப்பு. "இது காயில்லா! அரிசிக்குள்ள போட்டு வச்சா நாலு நாள்ல செவந்துரும்," என்று, திருநெல்வேலியில் மாங்காயைப் பழுக்க வைத்த பழக்கத்தில், அதைப் புதைத்துவிட்டாள்.

பாதி மிட்டுவுக்கு என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். மாடிவீட்டு மிட்டு என் உயிர்த்தோழி. அவள் அப்பாவுக்குச் சாந்த்ராகாச்சிக்கு மாற்றல், லட்சுமி பூஜை முடிந்ததும் கிளம்புகிறார்கள். "லால் ஹோயேச்சே?", சிவந்துவிட்டதா என்று தினமும் படியிறங்கி வந்து வங்காளியில் கேட்பாள். இன்னும் சிவக்கவில்லை என்பேன். அப்படியே தின்றுவிடலாமே என்று ஒருநாள் கெஞ்சினாள். கடைசியாகக் கொடுப்பதைக் காயாகவா கொடுப்பது என்று நான்தான் பிடிவாதமாக மறுத்தேன்.

லாரி வந்த காலையிலும் ஆப்பிள் மஞ்சளாகவே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசல் வரை ஓடியவள், மனம் கேட்காமல் மறுபடி உள்ளே போய் அம்மாவிடம் காட்டினேன். "இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும்ட்டி," என்றாள். நான் திரும்பி வருவதற்குள் லாரி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்த நேகி மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். அது சிவக்கவே சிவக்காதாம். கொடுத்த அன்றே பழம்தானாம். அறுத்தபோது தோல் சுருங்கி, சதை மாவாகியிருந்தது. பேரிக்காய்ச் சாயலோடு ஒரு தித்திப்பு மட்டும் மிச்சம் இருந்தது. நான் அழுதேன்.

இன்று அந்தக் குவார்ட்டர்ஸ் இல்லை. மிட்டு எங்கே இருக்கிறாள் என்றும் தெரியாது. ஜாதவ்பூர் சந்தையில் ஸ்டிக்கர் ஒட்டிய சிவப்பு ஆப்பிள்கள்தான் குவிந்து கிடக்கின்றன. மஞ்சள் எப்போதாவதுதான் கண்ணில் படும். பட்டால் இரண்டு வாங்கி, வீடு போகும்வரைகூடப் பொறுக்காமல் ஷேர் ஆட்டோவிலேயே ஒன்றைக் கடித்துவிட்டு, மற்றதைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவேன். போன வாரம் ஒரு கல்லூரிப் பெண் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது காயோ, நாலு நாள் வைத்திருந்து தின்னட்டுமா என்றாள். வேண்டாம், இப்போதே தின்றுவிடு என்றேன். நான் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். ஆட்டோக்காரரே திரும்பிப் பார்த்தார்.